குற்றச் செய்தியில் இன அடை

கடைத்தெருவில் ஒருவன் திருடிப் பிடிபட்டான் என்பது ஒரு செய்தி. கடைத்தெருவில் இன்ன இனத்தான் ஒருவன் திருடிப் பிடிபட்டான் என்பதும் ஒரு செய்தியே. இரண்டிலும் நிகழ்ச்சி ஒன்றே. வேறுபாடு ஓர் அடைமொழி அளவினது. ஆயினும் முன்னதைப் படிப்போர் ஒரு திருடனைப் பற்றி அறிகின்றனர். பின்னதைப் படிப்போர் ஓர் இனத்தைப் பற்றியும் அறிந்துவிட்டதாகக் கருதுகின்றனர். இவ்வோர் அடைமொழியைச் சேர்த்ததனால் ஊர்கள் எரிந்ததுண்டு. அதனை நீக்கியதனால் செய்தித்தாள்கள் மக்களின் நம்பிக்கையை இழந்ததும் உண்டு. சேர்த்தவர் மீது இனவெறி என்னும் பழியும், நீக்கியவர் மீது உண்மையை மறைத்தல் என்னும் பழியும் சுமத்தப்படுகின்றன.

இப்பழிகளுள் எது பொருந்தும், எது பொருந்தாது என்பதனை அறிதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். அவ்வளவுகோலை அடைமொழி பற்றிய நம் இலக்கண நூலார் கொள்கையிலிருந்தே பெறலாம் என்பது எம் கருத்து. அதனை அமெரிக்க ஐக்கிய நாடு, பிரிட்டன், செருமனி ஆகிய நாடுகளின் செய்தித்தாள் வரலாற்றோடு பொருத்திக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இக்கட்டுரையுள் 'இனம்' என்னும் சொல் இருபொருளில் வரும். ஒன்று, இலக்கண நூலார் கூறும் இனம். அஃதாவது ஒரு பொதுப்பெயருக்குள் அடங்கும் பொருள்களின் வகை. மற்றொன்று, நிறமும் பிறப்பு வழியும் பற்றி மக்களைப் பிரிக்கும் இனம். பின்னது உயிர்நூல் நிறுவிய பகுப்பன்று. சமுதாயம் வகுத்துக்கொண்ட பகுப்பு. எனினும் சமுதாயம் அதனை உண்மையாகக் கொண்டு ஒழுகுதலின், அதன் விளைவுகள் உண்மையானவை.

1. அடையும் இனமும்

ஒரு பெயருக்கு அடை கொடுப்பது எதற்காக? தாமரை வெண்மையாகவும் இருக்கும், செம்மையாகவும் இருக்கும். ஆதலின் செந்தாமரை என்புழிச் செம்மை என்னும் அடை, வெண்டாமரையை விலக்கிப் பொருளை வரையறுக்கின்றது. இது இனமுள்ள அடை. செஞ்ஞாயிறு என்புழி விலக்குதற்குக் கருஞாயிறு ஒன்று இல்லை. ஆண்டு அடை பொருளை வரையறுக்கவில்லை, அழகு செய்கின்றது. இஃது இனமில்லா அடை. இனத்தைப் பிரித்துச் சுட்டாத பண்படையைப் பெயருக்குக் கொடுத்தல் உலக வழக்கின் நெறியன்று, செய்யுளின் நெறி என்பது தொல்காப்பியக் கிளவியாக்கம் கூறும் கருத்து. பின்வந்த நன்னூலார் இருவகை அடையும் வழக்கிலும் செய்யுளிலும் வரும் என நெகிழ்த்துரைத்தார். எனினும் பிரித்துக் காட்டும் அடை வேறு, உணர்வூட்டும் அடை வேறு என்னும் பாகுபாடு இருவர்க்கும் உடன்பாடே.

இதனோடு சேர்த்து எண்ணத்தக்க மற்றொரு விதியும் கிளவியாக்கத்துள் உண்டு. எடுத்துக் கூறிய ஒரு சொல், தன்னோடு இனமான பிறிதொரு பொருளைக் குறிப்பால் உணர்த்தவும் கூடும் என்பது அது. இதனை 'இனஞ்செப்பல்' என்பர். ஒரு சேரிக் கோழி வென்றது என்றால், மற்றைச் சேரிக் கோழி தோற்றது என்பது கூறாமலே பெறப்படும் என உரையாசிரியர்கள் விளக்குவர்.

இவ்விரு விதிகளையும் குற்றச் செய்தியோடு பொருத்துக. 'கறுப்பன் ஒருவன் திருடினான்' என்னும் தொடரில், கறுப்பன் என்பது ஆளை அடையாளம் காட்டுகின்றதா? அவன் பெயரும், அகவையும், தெருவும் அச்செய்தியிலேயே தரப்பட்டிருப்பின் அவனைப் பிறரினின்று பிரித்தற்கு நிறம் வேண்டுவதில்லை. ஆகவே அஃது இனமில்லா அடையாய், உணர்வூட்டும் செய்யுள் அடையின் தொழிலைச் செய்கின்றது. அதற்கு மேலும், அவ்வடை இனஞ்செப்புகின்றது. திருட்டுக்கும் நிறத்துக்கும் தொடர்புண்டு என்பதும், அடையின்றி வரும் பிறர் அத்தகையர் அல்லர் என்பதும் அதனால் குறிப்பிற் பெறப்படும். வெள்ளையர் திருடிய செய்தியில் 'வெள்ளையன்' என்னும் அடை வருவதே இல்லை என்னும் வழக்கு நிலவுமாயின் இக்குறிப்பு மேலும் வலுப்பெறும். அமெரிக்க நாளிதழ்களில் நெடுங்காலம் நிலவியது இவ்வழக்கே.

2. அட்லாண்டாவும் துல்சாவும்

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்து அடிமை முறை ஒழிந்த பின்னரும், 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் அந்நாட்டுச் செய்தித்தாள்கள் பலவற்றில் கறுப்பர் பெயரை அடுத்து 'நீக்ரோ' என்னும் அடையைச் சேர்த்தெழுதுதல் வழக்கமாக இருந்தது. இவ்வழக்கு எத்தகைய விளைவைத் தரவல்லது என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகள் சான்றாகும்.

முதலாவது, ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டாவில் 1906 செப்டம்பரில் நிகழ்ந்தது. அவ்வாண்டு ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்ட இருவருமே செய்தித்தாளோடு தொடர்புடையவர்கள். கிளார்க் ஹவல் ஒரு நாளிதழின் ஆசிரியர். ஹோக் ஸ்மித் மற்றொரு நாளிதழின் முன்னாள் உரிமையாளர். கறுப்பரின் வாக்குரிமையைப் பறித்தலே தேர்தலின் பெரும்பேச்சாக இருந்தது. செப்டம்பர் 22ஆம் நாள், சனிக்கிழமை மாலை, கறுப்பர் வெள்ளைப் பெண்டிரைத் தாக்கினர் என்னும் செய்திகளோடு சிறப்புப் பதிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. அவை உறுதிப்படுத்தப்படாத செய்திகள். அன்றிரவே ஆயிரக்கணக்கானோர் திரண்டு, வழியிற் கண்ட கறுப்பரையெல்லாம் தாக்கினர். கலவரம் செப்டம்பர் 24 வரை நீடித்தது. குறைந்தது 25 கறுப்பர் உயிரிழந்தனர் என்பது பொதுவாகக் கூறப்படும் கணக்கு. வெள்ளையருள் இறந்தோர் இருவர்.

இரண்டாவது, ஓக்லஹோமா மாநிலத்துத் துல்சாவில் 1921இல் நிகழ்ந்தது. மே 30ஆம் நாள் ஒரு கட்டடத்தின் மின்தூக்கியில் அதனை இயக்கிய வெள்ளைப் பெண்ணுக்கும் டிக் ரோலண்டு என்னும் கறுப்பு இளைஞருக்கும் இடையே ஏதோ நிகழ்ந்தது, அவள் கூவினாள். மறுநாள் பிற்பகல் 'துல்சா டிரிப்யூன்' நாளிதழ், பெண்ணைத் தாக்கிய நீக்ரோ பிடிபட்டான் என்னும் பொருள்பட முதற்பக்கத்தில் தலைப்பிட்டது. அன்று மாலை நீதிமன்றத்தின் முன் கும்பல் கூடிற்று. ஜூன் 1ஆம் நாள் நண்பகலுக்குள் கறுப்பர் வாழ்ந்த கிரீன்வுட் பகுதியில் ஏறத்தாழ 35 தெருக்கட்டங்கள் எரிந்து சாம்பலாயின. அப்போது அரசு எண்ணிய சாவு 36. பிற்கால மதிப்பீடுகள் 300 வரை செல்கின்றன. ரோலண்டு மீதான வழக்கோ பின்னர்த் தள்ளுபடியாயிற்று.

இந்நிகழ்ச்சியில் ஆராய்ச்சியாளர் கருதத்தக்க ஒன்றுண்டு. அந்நாளிதழின் பழந்தொகுதியைப் பிற்காலத்தில் நுண்படமாக எடுக்க முற்பட்டபோது, முதற்பக்கத்திலிருந்த அச்செய்தியும் தலையங்கப் பக்கத்தின் பெரும்பகுதியும் முன்னரே கிழிக்கப்பட்டிருந்தன. செய்தி வேறு வழியாகக் கிடைத்தது. தலையங்கப் பக்கம் கிடைக்கவில்லை. தாம் எழுதியது வெறும் செய்தியே எனின் அதனைக் கிழித்தெறிய வேண்டிய தேவை எவர்க்கும் நேர்ந்திராது.

3. ஐடா வெல்ஸ் கையாண்ட முறை

செய்தித்தாள்கள் இனவெறியோடு எழுதுகின்றன என்னும் குற்றச்சாட்டை உணர்ச்சியுரையாக விடாது சான்றுகளால் நிறுவ முயன்றவருள் முதன்மையானவர் ஐடா பி. வெல்ஸ். இவர் 1862இல் மிசிசிப்பி மாநிலத்தில் அடிமைக் குடும்பத்திற் பிறந்தவர். மெம்பிஸ் நகரில் ஓர் இதழை நடத்தியவர். 1892 மார்ச்சில் அந்நகரில் மளிகைக் கடை நடத்திய கறுப்பர் மூவர், சிறையிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டுக் கும்பலாற் கொல்லப்பட்டனர். அவருள் தாமஸ் மாஸ் என்பவர் வெல்சுக்கு நண்பர். நல்ல முறையில் நடந்த அக்கடையை, வெள்ளையர் நாளிதழ்கள் குடியும் சூதும் மலிந்த இடமாகக் காட்டின என்று வெல்ஸ் தம் வரலாற்றில் பதிந்துள்ளார். அவ்வாண்டு மே மாதத்தில் அவருடைய இதழின் அலுவலகமும் அழிக்கப்பட்டது.

அதன்பின் அவர் எழுதிய நூல்களுள் 1895இல் வெளிவந்த 'செம்பதிவேடு' என்னும் பொருளுடைய நூலின் முறை நம் கருத்துக்குரியது. கும்பற்கொலைகளைப் பற்றிய கணக்குகளை அவர் தம் இனத்தாரிடம் கேட்டுத் தொகுக்கவில்லை. வெள்ளையர் நடத்திய 'சிகாகோ டிரிப்யூன்' வெளியிட்ட பட்டியல்களையே எடுத்துக்கொண்டார். கறுப்பர் வெள்ளைப் பெண்டிரைக் கெடுப்பதனாலேயே கொல்லப்படுகின்றனர் என்பது அன்று பரவலாகக் கூறப்பட்ட காரணம். கொல்லப்பட்டோருள் பெரும்பாலோர் மீது அக்குற்றம் சாட்டப்படவே இல்லை என்பதனை அப்பட்டியல்களைக் கொண்டே அவர் காட்டினார். எதிர்ப்பக்கத்தார் கூற்றையே சான்றாகக் கொள்ளும் இம்முறையை மறுத்தற்கு இடமில்லை. ஒரு தனிச்செய்தியைக் கொண்டு பழி கூறாது, செய்திகளின் தொகுதியை நோக்கி வழக்கினை நிறுவுதல் வேண்டும் என்னும் பாடத்தை அவர் நமக்குத் தந்துள்ளார். அவருடைய செய்திப்பணிக்காக 2020இல் புலிட்சர் பரிசுக் குழு சிறப்புப் பாராட்டு அளித்தது.

4. திருத்த நெறி

1919 ஜூலை 27ஆம் நாள் சிகாகோவில் எழுந்த கலவரத்தில் கறுப்பர் 23 பேரும் வெள்ளையர் 15 பேருமாக 38 பேர் இறந்தனர். அதன் காரணங்களை ஆராய ஆளுநர், வெள்ளையர் அறுவரும் கறுப்பர் அறுவரும் அடங்கிய குழுவை அமைத்தார். 1922இல் வெளிவந்த அதன் அறிக்கை, செய்தித்தாள்களின் போக்கைத் தனிப்பகுதியாக ஆராய்ந்தது. கலவர நாட்களில் அச்சிடப்பட்ட சாவுக் கணக்குகளின் பிழைகளை அது எடுத்துக்காட்டியது. கறுப்பரைப் பற்றிய செய்திகளைப் பிறரைப் பற்றிய செய்திகளுக்குரிய அதே அளவையால் அளந்து வெளியிட வேண்டும் என்றும் பரிந்துரைத்தது.

இதன்பின் திருத்தங்கள் மெல்ல வந்தன. 'நியூயார்க் டைம்ஸ்' 1930 மார்ச்சில் நீக்ரோ என்னும் சொல்லின் முதலெழுத்தைப் பேரெழுத்தாக எழுதத் தொடங்கியது. பிற இனத்தார் பெயர்களுக்கெல்லாம் பேரெழுத்து இருக்க, இதற்கு மட்டும் சிற்றெழுத்து என்பது ஓர் இழிவுக்குறியாக நின்றமையே காரணம். தற்கால வழக்கான கறுப்பர் என்னும் சொல்லுக்கு 2020இல் தான் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனமும் அந்நாளிதழும் பேரெழுத்து வழங்கின.

அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் நடைக் கையேடு அடைமொழி பற்றி வகுத்துள்ள நெறி நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. செய்திக்கு இயைபு உள்ளவிடத்தன்றி இனத்தைக் குறித்தலாகாது. காவலரால் தேடப்படுவோரையும் காணாமற்போனோரையும் பற்றி நம்பத்தக்க, விரிவான வருணனை கிடைக்குமாயின் இனத்தைக் குறிக்கலாம். அதுவும் எல்லா இனத்தார்க்கும் ஒப்ப வேண்டும். தேடப்பட்டவர் பிடிபட்டதும் அவ்வடையை நீக்கிவிடுதல் வேண்டும்.

இக்கடைசிக் கூற்றை நோக்குக. ஆள் அகப்படும் வரையில் அடைக்கு இனமுண்டு. கூட்டத்தினின்று ஒருவனைப் பிரித்தற்கு அது பயன்படும். ஆள் அகப்பட்டபின் பிரித்தற்கு ஒன்றுமில்லை. அடை இனமில்லா அடையாகின்றது. ஆகவே அது நீக்கப்படுகின்றது. தமிழ் இலக்கணத்தை அறியாத செய்தியாளர் தம் பட்டறிவால் வகுத்த நெறியும், நம் முன்னோர் வழக்கிற்கு வகுத்த நெறியும் ஒன்றுபடுதல் வியப்பன்று. பயனில்லாச் சொல் வேறொரு பயனைத் தேடிக்கொள்ளும் என்பதனை இரு சாராரும் உணர்ந்திருந்தனர்.

5. அடையாளம் ஆகாத அடையாளம்

தேடப்படுவோர்க்கு இன அடை தகும் என்னும் விலக்கிலும் ஓர் இடர் உண்டு. 'விரிவான வருணனை' என்னும் வரையறை மறக்கப்படுமாயின், நிறம் ஒன்றே வருணனையாகிவிடும்.

1989 அக்டோபர் 23ஆம் நாள் பாஸ்டன் நகரில் சார்லஸ் ஸ்டூவர்ட் என்பவர், கருவுற்றிருந்த தம் மனைவியையும் தம்மையும் கறுப்பன் ஒருவன் சுட்டதாகக் கூறினார். மனைவி இறந்தார், பின்னர்க் குழந்தையும் இறந்தது. செய்தித்தாள்களும் தொலைக்காட்சியும் அக்கூற்றை ஐயமின்றிப் பரப்பின. கறுப்பர் மிகுதியாக வாழ்ந்த மிஷன் ஹில் பகுதியில் காவலர் இளைஞர்களை நிறுத்திச் சோதித்தனர். வில்லி பெனட், ஆலன் ஸ்வான்சன் என்னும் கறுப்பர் இருவர் ஐயத்துக்கு உள்ளாயினர். கொலை செய்தவர் கணவரே என்று அவர் உடன்பிறந்தார் வெளிப்படுத்தியபின், 1990 ஜனவரி 4ஆம் நாள் ஸ்டூவர்ட் பாலத்தினின்று குதித்து இறந்தார். பழிசுமந்த இருவரிடமும் பாஸ்டன் மேயர் முறையாக மன்னிப்புக் கேட்டது 2023 டிசம்பரில். இடைப்பட்ட காலம் 34 ஆண்டுகள்.

1994 அக்டோபரில் தென் கரோலினாவில் சூசன் ஸ்மித் என்னும் தாய், கறுப்பன் ஒருவன் தம் காரைப் பறித்து இரு மக்களையும் கொண்டு சென்றான் என்றார். ஒன்பது நாள் நாடு முழுவதும் அவனைத் தேடிற்று. பின்னர்த் தாமே மக்களை ஏரியில் மூழ்குவித்ததாக அவர் ஒப்புக்கொண்டார்.

இருவரும் தனித்தனியே ஒரே பொய்யைத் தேர்ந்ததற்குக் காரணம் யாது? அப்பொய் நம்பப்படும் என்பதனை அவர் அறிந்திருந்தனர். அந்நம்பிக்கையை ஊட்டியதில், பல்லாண்டுகளாக நாளும் இனஞ்செப்பி வந்த செய்திகளுக்கும் பங்குண்டு. இங்கு 'கறுப்பன்' என்னும் அடை ஒருவனைப் பிறரினின்று பிரிக்கவில்லை. ஒரு நகரத்துக் கறுப்பு ஆடவர் எல்லாரையும் ஒருங்கே ஐயத்துள் ஆழ்த்தியது. பிரிப்பதற்கு மாறாகச் சேர்க்கும் அடை, அடையாளமாகாது.

6. அடையின்றி இனஞ்செப்பல்

இன அடையை நீக்கிவிட்டால் சிக்கல் தீரும் எனச் சிலர் கருதுவர். சொல்லால் அன்றிக் குறிப்பாலும் பொருள் உணர்த்தப்படும் என்பதனை அறிந்த நாம் அவ்வாறு கருத இயலாது.

1972 ஆகஸ்டில் இலண்டனில் வாட்டர்லூ நிலையத்தின் அருகே முதியவர் ஒருவர் கொல்லப்பட்டார். ஒரு நாளிதழ் அதனை 'மக்கிங்' என்னும் அமெரிக்கச் சொல்லாற் குறித்தது. வழிப்பறி என்பது பிரிட்டனில் பன்னூறாண்டுகளாக உள்ள குற்றமே; அதற்குப் பழைய பெயர்களும் உண்டு. புதிய பெயரோ, அமெரிக்க நகரங்களின் கறுப்பர் சேரிகளைப் பற்றிய அச்சம் முழுவதையும் தன்னோடு கொணர்ந்தது. 1973 மார்ச்சில் பர்மிங்காமில், ஹான்ஸ்வொர்த் பகுதியைச் சேர்ந்த இளைஞன் ஒருவனுக்கு இக்குற்றத்தின் பெயரால் 20 ஆண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. ஸ்டூவர்ட் ஹாலும் அவர்தம் உடனாய்வாளரும் 1978இல் வெளியிட்ட நூல், ஒரு சொல் தன்னுள் இனத்தைப் பொதிந்துகொண்டு நாளிதழிலும் நீதிமன்றத்திலும் உலவிய வரலாற்றை ஆராய்கின்றது.

நியூயார்க் நகரத்துச் சென்ட்ரல் பார்க்கில் 1989 ஏப்ரல் 19ஆம் நாள் இரவு ஒரு வெள்ளைப் பெண் கொடுமையாகத் தாக்கப்பட்ட வழக்கும் இவ்வகையினதே. கறுப்பரும் இலத்தீன் வழியினருமான சிறுவர் ஐவர் பிடிபட்டனர். நாளிதழ்கள் அவர்களை ஓநாய்க் கூட்டம் என்றன. விலங்கு உவமம் வந்தபின் நிறத்தைக் கூற வேண்டிய தேவை இல்லாமற் போயிற்று. ஐவரும் 1990இல் தண்டனை பெற்றனர். 2002இல் உண்மைக் குற்றவாளி ஒப்புக்கொள்ள, மரபணுச் சான்றும் அதற்கு இயைந்தமையின், அவ்வாண்டு டிசம்பரில் தீர்ப்புகள் நீக்கப்பட்டன. 2014இல் நகராட்சி 4 கோடியே 10 இலட்சம் டாலர் இழப்பீடு வழங்க இசைந்தது. உவமத்தைக் கையாண்டவர் இனத்தைக் குறிக்கவில்லை என வாதிடலாம். ஆனால் உவமத்தால் உவமிக்கப்படும் பொருள் உயர்தலும் தாழ்தலும் நம் அணிநூலார் நன்கறிந்த ஒன்று.

7. மறைத்தலின் இடர்

மறுபக்கத்தையும் நடுநிலையோடு நோக்குதல் வேண்டும். 2015 டிசம்பர் 31ஆம் நாள் இரவு செருமனியின் கொலோன் நகரத்துப் புகைவண்டி நிலையத்தின் அருகே பெண்டிர் பலர் கூட்டமாகச் சூழப்பட்டு இழிவுக்கும் திருட்டுக்கும் உள்ளாயினர். முறையீடுகள் 1,200க்கு மேற்பட்டன. ஐயத்துக்குரியோருள் பெரும்பாலோர் வட ஆப்பிரிக்க நாட்டினர் என்பது பின்னர்த் தெரியவந்தது. மறுநாள் காலையில் காவல்துறை வெளியிட்ட அறிக்கையோ, இரவு பெரும்பாலும் அமைதியாகக் கழிந்தது என்றது. ஜனவரி 4ஆம் நாள் மாலைச் செய்தியில் இதனைச் சேர்க்காமல் விட்டது தவறு என்று ஒரு பொதுத் தொலைக்காட்சி நிறுவனம் பின்னர் ஒப்புக்கொண்டது. மறைத்தனர் என்னும் ஐயம் பிறந்தபின், மறைக்காத செய்திகளும் நம்பப்படவில்லை.

செருமானியப் பத்திரிகை மன்றத்தின் நெறிமுறை, குற்றத்தைப் புரிந்துகொள்ளுதற்கு இயைபு உள்ளவிடத்தன்றிக் குற்றவாளியின் இனத்தைக் குறித்தலாகாது எனக் கூறிவந்தது. நெடிய விவாதத்தின்பின் 2017 மார்ச்சில், தக்க பொதுநலன் உள்ளவிடத்துக் குறிக்கலாம் என அது திருத்தப்பட்டது. வெறும் ஆவல் பொதுநலன் ஆகாது என்னும் விளக்கமும் உடன் சேர்ந்தது. டிரெஸ்டன் நகரத்து நாளிதழ் ஒன்று 2016இல் வேறு வழியை மேற்கொண்டது: குற்றஞ்சாட்டப்பட்டவர் செருமானியராயினும் அயலவராயினும் எல்லாச் செய்தியிலும் நாட்டைக் குறித்தல் என்பது அது. எல்லார்க்கும் அடை கொடுத்தால் அடையின் குறிப்பாற்றல் குறையும் என்பது அதன் அடிப்படை. இது சிந்திக்கத்தக்கதே. எனினும் அடை குற்றத்தோடு என்றும் இணைந்தே வருதலின், இடர் முற்றும் நீங்கும் எனல் அரிது.

வாய்வாளாமையும் இனஞ்செப்பும் என்பதற்கு ஓர் ஆய்வு சான்று பகர்கின்றது. கில்லியம், ஐயங்கார் என்னும் அரசியலறிஞர் இருவர் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் செய்த ஆய்வை 2000இல் வெளியிட்டனர். ஒரே குற்றச் செய்தியைச் சிலர்க்குக் கறுப்பர் படத்தோடும், சிலர்க்கு வெள்ளையர் படத்தோடும், சிலர்க்குக் குற்றவாளியின் படமே இன்றியும் காட்டினர். படம் காணாதோருள் பலர், குற்றவாளியைக் கண்டதாகப் பின்னர் நினைவு கூர்ந்தனர். அவருள்ளும் பெரும்பான்மையோர் அவன் கறுப்பன் எனக் கூறினர். செய்தி விட்ட இடத்தைப் படிப்போர் தம் முன்னறிவால் நிரப்புகின்றனர். முன்னறிவே பழுதுபட்டிருப்பின் எச்சமும் பழுதாகவே முடியும்.

8. குற்றச்சாட்டை ஆராயும் நெறி

மேற்காட்டியவற்றால், ஒரு குற்றச் செய்தியின்மீது இனவெறி என்னும் பழி எழும்போது ஆராய வேண்டுவன நான்கு எனக் கொள்ளலாம்.

முதலாவது, அடை பிரித்துச் சுட்டுகின்றதா என்பது. சுட்டுமாயின் குற்றமில்லை. இரண்டாவது, அதே நிலையில் பிற இனத்தார்க்கும் அவ்வடை வருகின்றதா என்பது. இதனை ஒரு செய்தியால் அறிய இயலாது. வெல்ஸ் செய்ததுபோலத் தொகுதியை நோக்குதல் வேண்டும். மூன்றாவது, அடை நீங்கியும் சொல்லாட்சி, உவமம், படம் ஆகியவற்றால் இனம் குறிக்கப்படுகின்றதா என்பது. நான்காவது, இனமே குற்றத்தின் காரணமாக இருக்க, அது மறைக்கப்படுகின்றதா என்பது.

நான்காவதற்கு ஸ்டீபன் லாரன்ஸ் வழக்கு எடுத்துக்காட்டு. அக்கறுப்பு இளைஞர் 1993 ஏப்ரல் 22ஆம் நாள் இலண்டனில் பேருந்துக்காகக் காத்திருந்தபோது வெள்ளையர் கூட்டத்தாற் குத்திக் கொல்லப்பட்டார். அவர் கறுப்பராக இருந்தமையே கொலைக்குக் காரணம். இங்கு இனத்தைக் கூறாது விடுதல் நடுநிலையன்று. செய்தியின் உயிரையே நீக்குதலாகும். 1999 பிப்ரவரியில் வெளிவந்த மெக்பெர்சன் அறிக்கை, காவல்துறையில் அமைப்புநிலை இனவெறி உண்டு என முடிவுகூறியது. தனி ஒருவரின் உள்ளத்தில் வெறுப்பு இல்லையாயினும், ஓர் அமைப்பின் வழக்கத்தால் ஓர் இனத்தார்க்குத் தீங்கு நேரும் என்பது அதன் பொருள்.

இக்கருத்து செய்தித்தாளுக்கும் ஏற்புடைத்து. இனவெறி என்னும் பழி கேட்ட ஆசிரியர், தம் நெஞ்சில் அத்தகைய எண்ணம் இல்லை என விடை கூறுவர். அது மெய்யாகவும் இருக்கலாம். ஆனால் அடையைப் பற்றி ஆராயும் இலக்கணியர் சொல்லுவான் நெஞ்சையன்று, சொல் செய்யும் தொழிலையே நோக்குவர். ஒரு கூற்றையோ செயலையோ இனவெறி எனக் குறிக்கலாமா என்பதனை முடிவு செய்தற்கு, அதனைச் செய்தவரின் உள்நோக்கத்தை ஆராய வேண்டுவதில்லை என அசோசியேட்டட் பிரஸ் கையேடு 2019இல் கூறியதும் இதனாலேயே. இனவெறி என்பது வெளிப்படையாகப் பொருந்துமிடத்து 'இனத்தொடர்புள்ள' என்பன போன்ற மழுப்பற் சொற்களை ஆளலாகாது எனவும் அது விதித்தது. இடக்கரடக்கல் நாணத்தக்கதை மறைத்தற்கு உரியது. குற்றத்தை மறைத்தற்கு உரியதன்று. இதன் மறுதலையும் உண்மையே. சுட்டுதற்கு வேண்டிய அடையை ஆண்டவரை, அடை ஆண்டார் என்பது ஒன்றே பற்றி இனவெறியர் எனல் சான்றில்லாப் பழியாகும்.

முடிவுரை

இவ்வாராய்ச்சி தமிழுக்குப் புறம்பானதன்று. அயல்நாட்டுச் செய்தியைத் தமிழாக்குவோர் நாள்தோறும் இவ்வடையை எதிர்கொள்கின்றனர். ஆங்கிலத்தில் நிறப்பெயர் மட்டும் நிற்குமிடத்தில், தமிழில் 'கறுப்பினத்தவர்' என இனம் என்னும் சொல்லையே சேர்த்து எழுதும் வழக்கு பரவியுள்ளது. பேரெழுத்தால் அவர்கள் காட்டும் மதிப்பை நாம் எழுத்தாற் காட்ட வழியில்லை. ஈற்றில் வரும் உயர்வுப் பன்மையால் காட்டலாம். 'கறுப்பன்' என்பதற்கும் 'கறுப்பர்' என்பதற்கும் உள்ள வேற்றுமை, குற்றஞ்சாட்டப்பட்ட வெள்ளையர்க்கு நாம் எவ்விகுதி தருகின்றோம் என்பதனோடு ஒப்பிட்டே அறியப்படும்.

நம் நாட்டில் இனத்தின் இடத்தில் சாதி நிற்கின்றது. 1871இல் பிரிட்டானியர் இயற்றி, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரித்த சட்டம், பிறப்பால் குற்றவாளிகள் எனச் சில குடிகளைப் பதிவுசெய்தது. சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதிலும் 1952இலும் அச்சட்டம் நீங்கியது. ஆனால் அது தந்த 'குற்றப்பரம்பரை' என்னும் தொடர் மொழியில் எஞ்சி நின்றது. அடை பெயரோடு ஒன்றிப் பெயரே ஆகிவிட்டமைக்கு அதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை. ஒருவரின் சாதியைக் குறித்தல் அச்சாதியை இழிவுபடுத்தும் பொருள் தருமிடத்து அதனைத் தவிர்க்க வேண்டும் என இந்தியப் பத்திரிகை மன்றத்தின் ஒழுகலாறு கூறுவதும் இவ்வரலாற்றை உளங்கொண்டு நோக்கத்தக்கது.

பிரித்தற்கு வேண்டுமிடத்து அடை வருக, காரணமாகுமிடத்து வெளிப்பட வருக, ஏனையிடத்து ஒழிக. இதுவே நாம் கண்ட முடிபு. தாமரைக்கு அடை கொடுக்கையில் இவ்விதியை மாணவர்க்குப் பிழையறக் கற்பிக்கின்றோம். மனிதர்க்கு அடை கொடுக்கையிலும் அதே விதி உண்டென்பதனையும் கற்பித்தல் நம் கடனாகும்.